கணினியை அணைக்க வேண்டாம்

ஐப்பசி 17, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில். காலண்டரில் என் கும்ப ராசிக்கு இன்று 'தடை'. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன்.

இன்று முதல் தினமும் ஒரு பக்கம். டீச்சர் சொன்னது. "யாரும் பாக்க மாட்டாங்க ஐயா. தப்பு வந்தா வரட்டும், அடிக்காம எழுதுங்க." சேக்காடு பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு, ஒன்பது மாதம். எழுபது வயதில் பென்சிலிலிருந்து பேனாவுக்கு வந்துவிட்டேன். கைநாட்டு ஏழுமலை இல்லை இனி.

வீட்டுச் செய்தி. மகள் அமுதாவின் கம்ப்யூட்டர் நாலு நாளாகப் படுத்துகிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு கம்பெனி வேலைக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பாராம். தேர்வுக்கு உள்ளதைத் திறந்தால், உன் கம்ப்யூட்டர் பழசு, முதலில் அதைப் புதுப்பி என்கிறதாம். புதுப்பிக்கப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அமுதாவுக்கு வரும் தை மாதம் முப்பத்தாறு. இதை விட்டால் இல்லை.

இப்போது அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் நிற்கிறாள். ஏழு மணி நேரம் நின்றபடி. மாப்பிள்ளை போனதிலிருந்து என்னோடுதான். அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

சாயங்காலம் அவள் அதில் படிக்க வேண்டும். ராத்திரி எங்கள் தெருவில் வோல்டேஜ் இருக்காது, டியூப்லைட்டே கண் சிமிட்டும். அதனால் காலையில் புதுப்பிக்கப் போட்டுவிட்டு எட்டேகாலுக்குக் கிளம்புகிறாள். திரையில் வட்டம் சுற்றும். ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு அது கோலம் மாதிரி.

அவள் போனதும் என் வேலை. சுவரில் உள்ள போர்டில் மெயினை அணைப்பேன். மதியம் மூன்றரைக்கு மறுபடி போடுவேன், அவள் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று.

மதியம் ஆவடி மார்க்கெட்டிலிருந்து மெக்கானிக் பாபு வந்தார். நாற்பத்தைந்து வயது, சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூ டிரைவர்.

"இன்னா அண்ணாத்தே, மிஷின் மல்லாந்துகிச்சா?"

திறந்து ஊதினார். பெருச்சாளி வளை மாதிரி தூசி. உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவினார். "இது ராம். காலுல அழுக்கு கீது. ஊட்ல ரப்பர் கீதா?"

என் வகுப்பு ரப்பர். எடுத்துக் கொடுத்தேன். அதால் தேய் தேய் என்று தேய்த்தார். என் ரப்பர் கம்ப்யூட்டருக்கு மருந்தானதில் எனக்கு ஒரே பெருமை. பாதி கரைந்துவிட்டது. பரவாயில்லை.

அமுதா வந்து பார்த்தாள். சரியாகவில்லை. பாபுவுக்குப் போன் போட்டாள். "ஹார்டு டிஸ்க்கே அவுட்டு மேடம். மொத்தத்தையும் அழிச்சிட்டு புச்சா போட்டாதான்" என்றது எனக்கும் கேட்டது. அழித்தால் அவள் குறிப்பு, சான்றிதழ் எல்லாம் போய்விடுமாம். வேண்டாம் என்றாள்.

இந்தப் பக்கம் எழுத ஒன்றே கால் மணி நேரம். விரல் வலி. நல்ல வலி.


ஐப்பசி 18, செவ்வாய்

மேகமூட்டம். கும்பம்: 'அலைச்சல்'.

'கம்ப்யூட்டர்' எழுதக் கை கடுக்கிறது. இனி கம்ப். அமுதா, இனி அ.

வாங்க வேண்டியது: உளுந்து, ரின் சோப்பு, ரப்பர்.

காலை 8.15 அ. போட்டுவிட்டுப் போனாள். 8.30 மெயின் ஆஃப். 3.30 மெயின் ஆன். 4.40 அ. வந்தாள். திரையைப் பார்த்தாள். கைப்பையைக் கூட இறக்கவில்லை.

"திரும்பவும் போச்சு. அப்பா, நான் போனப்புறம் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"தொடவே இல்லம்மா."

உண்மை. சனிக்கிழமை பொத்தானை அமுக்கப் போய்த் திட்டு வாங்கினேன். அதிலிருந்து மேலே துணியைப் போட்டுத் துடைப்பது கூட இல்லை.

சாயங்காலம் மாடி வீட்டு சுடலைமுத்து இறங்கி வந்தார். திருநெல்வேலிக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவருடைய லேப்டாப் ஆபீஸ் கொடுத்தது, அதில் வேறு எதையும் ஏற்ற விடமாட்டார்களாம். இல்லாவிட்டால் அதையே கொடுத்திருப்பார். நல்ல மனிதர்.

"அண்ணாச்சி, இது என்னமோ அடம்லா பிடிக்கி. பாப்போம்."

இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்தார். எதையோ நிறுத்தி மறுபடி ஓட விட்டார். கோளாறு கண்டுபிடிக்க அதற்குள்ளேயே ஒரு ஆள் இருக்கிறானாம், அவனை எழுப்பினார். பத்து நிமிடம் தேடிவிட்டு அவன் சொன்னது: பிழை எதுவும் இல்லை.

சுடலை சிரித்துவிட்டார். அ. சிரிக்கவில்லை. பின்கட்டில் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே தேய்த்தாள்.

என்ன செய்வது. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் மெஷின் முன்னால் முப்பத்தோரு வருஷம் நின்றவன். இந்தப் பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று கூடத் தெரியவில்லை.


ஐப்பசி 19, புதன்

வெயில். துணி காய்ந்தது. கும்பம்: 'ஆதாயம்'. பார்ப்போம்.

மெயினைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. பாடி தொழிற்சாலையில் நான் வேலை செய்தது, தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பில். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ மெயினை அணைக்காமல் போய்விட்டார்கள். முனுசாமி தகடு எடுக்கக் கை விட்டான். வலது கையில் இரண்டு விரல் போயின. மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் சட்டம்: மெஷின் முன்னால் ஆள் இல்லை என்றால் மெயின் ஆஃப். எங்கள் லைனில் அதற்குப் பொறுப்பு நான். இருபத்திரண்டு வருஷம் ஒரு தடவை கூட மறந்ததில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு அங்கே கிடைத்த ஒரே பேர் அது. "ஏழுமலை லைனா, கண்ணை மூடிக்கினு கைய வை" என்பார்கள்.

வீட்டிலும் அப்படியே. போன வருஷம் மழையில் வோல்டேஜ் ஏறி டி.வி. புகைந்தது. அ.வின் கம்ப். அப்படி ஆகக் கூடாது.

இன்றும் போச்சு. ஆறாவது நாள். திரையில் வரும் பிழை எண்ணை எழுதி வைத்தேன். எட்டில் தொடங்கி நிறைய சைபர். எண் மட்டும் எனக்கு எப்போதும் தெரியும். லாரி நம்பர், பஸ் நம்பர், டோக்கன் நம்பர்.

அ. அதை வாங்கிப் பார்த்தாள். "இதை எழுதினீங்களாப்பா நீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஏதேதோ தட்டினாள். திரை முழுக்கத் தமிழ்! 'கோப்பு', 'அமைப்புகள்', 'மறுசுழற்சித் தொட்டி'. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். மறுசுழற்சி என்றால் என்ன என்று கேட்டேன். "குப்பைத்தொட்டிதாம்பா" என்று சிரித்தாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

"நாளைக்கு நான் இல்லாதப்ப திரையில என்ன வருதோ அப்படியே எழுதி வைங்க. எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிட்டா போதும்."

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. படிக்கும் வேலை. 'ஆதாயம்' சரிதான்.


ஐப்பசி 20, வியாழன்

காலண்டர் பார்க்கவில்லை.

8.15 அ. போட்டுவிட்டுப் போனாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். நீலத் திரை. நடுவில் வட்டம். அதற்குக் கீழே தமிழ்.

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன்:

புதுப்பிப்புகள் செயல்படுகின்றன. 11% முடிந்தது.

இதை எழுதி முடிக்கும்போது 11 என்பது 12 ஆகிவிட்டது. அடித்து 12 போட்டேன். சந்தோஷம். மெஷின் பேசுகிறது, நான் எழுதுகிறேன். இன்னும் ஒரு வரி இருந்தது.

உங்கள் கணினியை அணைக்க வேண்டாம்.

எழுதினேன். எழுதியதைப் படித்தேன். வாய்விட்டுப் படித்தேன். 'அணைக்க'வில் தடுக்கியது, திரும்பப் படித்தேன். தடுக்காமல் வந்தது. டீச்சர் இருந்தால் கை தட்டியிருப்பார்.

எட்டரை. எழுந்தேன். கை போர்டுக்குப் போய்விட்டது. சுவிட்சின் மேல் விரல்.

அப்போதுதான்.

கையை எடுத்துக்கொண்டேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி படித்தேன். அதே வரி. தினமும் இதே வரி இதே இடத்தில் இருந்திருக்கிறது. நான் கோலம் என்று நினைத்தது.

ஹார்டு டிஸ்க் இல்லை. தூசி இல்லை. நான்.

சரி, இன்று அணைக்காமல் விட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஆள் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. அதனால் எழவில்லை. டீ இல்லை. பத்து மணிக்கு 30. பதினொன்றுக்கு 38. பக்கத்து வீட்டு மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார், போகவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு மணிக்கு 61. கரண்ட் போய்விட்டது.

இடி கூட இல்லை. மழை கூட இல்லை. சும்மா போனது.

இருட்டுத் திரையில் என் முகம்.

இரண்டு மணிக்கு வந்தது கரண்ட். திரையில் ஒரு புது வாக்கியம்: புதுப்பிப்புகளை நிறைவு செய்ய முடியவில்லை. மாற்றங்கள் செயல்தவிர்க்கப்படுகின்றன. கடைசி வார்த்தையில் பதினைந்து எழுத்து. மூன்று இடத்தில் மூச்சு வாங்கினேன். செய்ததை எல்லாம் செய்யாததாக ஆக்குகிறதாம். மனிதனுக்கு அந்த வசதி இல்லை.

அ. வந்ததும் நோட்டைக் காட்டினேன். 61 வரை போனதைப் பார்த்தாள்.

"கரண்டாப்பா! இத்தனை நாளா இந்தப் பாழாப்போன கரண்டுதான் இதைக் கெடுத்திருக்கு!"

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க இல்லன்னா தெரிஞ்சே இருக்காதுப்பா" என்று என் தோளைத் தட்டினாள்.

வாயை மூடிக்கொண்டேன்.


ஐப்பசி 21, வெள்ளி

விடாமல் மழை. பருத்திப்பட்டு ஏரி ரோடு வரை தண்ணீர் என்றார்கள். இந்த மழையில் போட வேண்டாம் என்று அ. சொல்லிவிட்டாள். மீதி ஒரு நாள்.

டீக்கடையில் முனுசாமி. எட்டு விரலில் கிளாஸைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான். அவனிடம் மட்டும் சொன்னேன்.

அவன் டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான். "ஏ ஏழ்மல! ஆறு நாளா நீயே ஆஃப் பண்ணிட்டு, நீயே மெக்கானிக்கு ரப்பர் எட்த்து குட்த்தியா? உன்ன இன்னா பண்றது நைனா!"

"சிரிக்காதே. பொண்ணுக்கு வேலை வயசு முடியுது."

சிரிப்பை நிறுத்தினான். "பொண்ணுகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"தோளைத் தட்டிச்சு."

முனுசாமி கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "என் வெரலு போனப்ப மெயின ஆஃப் பண்ணாம போனது எவன்னு இன்னிக்கு வரைக்கும் எவனும் சொல்லல. தெரியுமில்ல? முப்பது வருசமா எல்லார் மூஞ்சியயும் பாத்துகினே கீறேன். எவனா இருந்தாலும் திட்ட மாட்டேன். சொன்னா போதும்."

அது நான் இல்லை. அன்று நான் லீவ். அவனுக்கும் தெரியும். ஆனாலும் பாதி டீயை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் சுடலை ஒரு வழி சொன்னார். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு நீள ஒயர் இறக்கினார். கம்ப்.க்கும் நெட் பெட்டிக்கும் இனி மாடிக் கரண்ட். எங்கள் வீட்டில் போனாலும் அதுகளுக்குப் போகாது.

"ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. கரண்டு போயிருக்கும்போது மட்டும் மேல மிக்சி ஓடப்பிடாது. ஓடுனா இன்வெர்ட்டர் டிரிப் ஆயி நின்னுரும். எம் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிருதேன்."

அ. அவரைக் கும்பிட்டாள். என்னைப் பார்த்து, "அப்பா கண்டுபிடிச்சது சார்" என்றாள்.

பூமி வாய் திறந்து என்னை விழுங்கவில்லை.


ஐப்பசி 22, சனி

மழை விட்டது. கும்பம்: 'வெற்றி'. காலண்டர்காரருக்கு என்ன தெரியும்.

8.15 தொடக்கம். அ. வேலைக்குப் போகும்போது கதவருகில் நின்று கம்ப்.க்கு ஒரு கும்பிடு. எனக்கும் ஒன்று.

முனுசாமி துணைக்கு வந்தான். நான் எழுந்தால் அவன் உட்கார்ந்தான். ஷிப்ட் மாற்றுவது போல.

9.00 — 19
10.30 — 36
11.40 — 52, கரண்ட் போனது. திரை போகவில்லை! இன்வெர்ட்டர். முனுசாமி விசில் அடித்தான்.
12.15 — கரண்ட் வந்தது. 61. இங்கேதான் அன்று செத்தது.
12.20 — 62
1.50 — 100

திரை கறுத்தது. முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் போர்டுப் பக்கம் போய்விடுவேன் என்று பயம். மறுபடி நீலம், மறுபடி கறுப்பு. மூன்று முறை. பிறகு ஏரி, மலை, வானம் உள்ள ஒரு படம்.

அ.வுக்குப் போன். "என்ன வந்திருக்குப்பா? படிங்க."

படித்தேன். "உங்கள் கணினி இப்போது புதுப்பித்த நிலையில் உள்ளது."

அந்தப் பக்கம், பின்னால் பல் டாக்டரின் மெஷின் கிர்ரென்றது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "இன்னொரு தடவை படிங்கப்பா."

படித்தேன்.

சாயங்காலம் தேர்வுக்கு உள்ளதைத் திறந்து பார்த்தாள். திறந்தது. ஒத்திகை எல்லாம் சரி. பாயசம் வைத்தாள். சொல்லலாம் என்று இரண்டு தடவை போனேன். தேர்வுக்கு முந்தின நாள் மனசைக் கலைப்பதா? சொல்லாமலே விட்டால் முனுசாமியின் முகம்.

எழுதினேன். ஒரு முழுத் தாள். என் முதல் கடிதம். தேர்வு முடிந்து எழும்போது கண்ணில் படட்டும் என்று மடித்து விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டேன்.


ஐப்பசி 23, ஞாயிறு

வெயில். 9.40. அ. உள் அறையில். கதவு சாத்தியாயிற்று.

நான் கூடத்தில், போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு. காவல். அ.வின் கட்டளை: "ஒரு சத்தம் வரக்கூடாதுப்பா. வேற யார் குரல் கேட்டாலும் தேர்வை ரத்து பண்ணிடுவாங்க. நான் கூப்பிட்டாலும் பேசாதீங்க."

9.48. உள்ளே கம்ப். பேசுகிறது. கண்காணிப்பவரின் குரல். தூக்கம் கெட்ட ஆண் குரல். "ரூமை சுத்திக் காட்டுங்க மேடம். மேஜை மேல எதுவும் இருக்கக்கூடாது. ஒரு பேப்பர் இருந்தா கூட கேன்சல்."

பேப்பர்.

கடவுளே.

"கீபோர்டைத் தூக்குங்க." தூக்கும் சத்தம். "அது என்ன?"

"எனக்குத் தெரியல சார். நான் வைக்கல."

"பிரிச்சு கேமரா கிட்ட காட்டுங்க. தெளிவா இல்ல. படிங்க."

உள்ளே போக முடியாது. குரல் கொடுக்க முடியாது. எழுதுகிறேன், வேறு எதுவும் செய்ய முடியாது.

அவள் படிக்கிறாள். என்னை விட வேகமாக.

"அன்புள்ள மகள் அமுதாவுக்கு அப்பா எழுதுவது. கம்ப்யூட்டர் கெடவில்லை. பாபு மேலும் தப்பு இல்லை. நீ போன பிறகு தினமும் மெயினை அணைத்தது நான். கம்ப்யூட்டரைத் தொடவில்லை என்று சொன்னது உண்மை, சுவிட்சைத் தொட்டேன். அணைக்க வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் இரண்டு நாள் சொல்லவில்லை, ஏன் என்றால் நீ என் தோளைத்..."

நின்றுவிட்டது.

"மேடம்?"

"அவ்வளவுதான் சார். 'இப்படிக்கு ஏழுமலை.' கையெழுத்து."

காலண்டர் தாள் காற்றில் படபடக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க அப்பா இப்ப எங்க மேடம்?"

"வெளிய. மெயின் போர்டு பக்கத்துல சார்."

"...மெயின் ஆன்லதானே இருக்கு?"

அ. சிரித்தாளா அழுதாளா, கதவு வழியாகத் தெரியவில்லை.

"பேப்பரை வெளிய வச்சிட்டு வாங்க. ரெண்டு நிமிஷம்."

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. தாளை என் மடியில் வைத்தாள். காதருகே குனிந்து, மூச்சாக: "முடியட்டும். வச்சிக்கிறேன் உங்களை." பிறகு என்னை எழுப்பி, நாற்காலியைத் தூக்கி, போர்டிலிருந்து ஆறடி தள்ளி எதிர்ச் சுவரோரம் போட்டு, அதில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். இங்கிருந்து கை எட்டாது.

10.00. தொடக்கம். விசைகளின் சத்தம்.

10.25. கூடத்து ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. உள்ளே விசைச் சத்தம் நிற்கவில்லை. இன்வெர்ட்டர்.

10.27. மாடியில் மிக்சி ஜாரைப் பொருத்தும் சத்தம். சுடலையின் மனைவி. சுடலை அவளிடம் சொல்ல மறந்திருப்பார். போன் செய்தால் என் குரல் உள்ளே போகும். படியேறிச் சொன்னாலும் அந்தப் பெண் "என்னது?" என்று உரக்கக் கேட்கும், மாடிப்படி அ.வின் அறை ஜன்னலை ஒட்டி. எழுதித்தான் காட்ட வேண்டும். நோட்டிலிருந்து கிழித்தால் சத்தம், வேறு தாள் தேட நேரமில்லை. மடியில் இருக்கும் என் கடிதத்தின் பின்பக்கம் வெள்ளை. பெரிய எழுத்தில், வேகமாக, என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை:

தேர்வு நடக்கிறது. மிக்சி போட வேண்டாம்.